கடைசிக் காட்சியில் கேட்ட குரல் யாருடையது?

சீன, ஜப்பானிய, தாய்லாந்து பி.எல். (ஆண்–ஆண் காதல்) தொடர்களை உலகெங்கும் கொண்டுசேர்க்கும் இணையத் திரைத் தளங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

'தி அன்டேம்ட்' என்ற சீனத் தொடரின் 50-வது, கடைசிப் பகுதி எப்படி முடிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மலைமேல் நாயகன் வெய் ஊஷியான் தனியே நின்று புல்லாங்குழல் வாசிக்கிறான். பின்னாலிருந்து ஒரு குரல், "வெய் யிங்" என்று அவனுடைய பிறப்புப் பெயரால் அழைக்கிறது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். தொடர் முடிந்துவிட்டது. அழைத்தவன் இன்னொரு நாயகனான லான் வாங்ஜி; அவன் திரையில் வருவதே இல்லை. அவன் முகத்தைக் காட்டவில்லை, அந்த வெள்ளை உடையின் ஓரத்தைக்கூடக் காட்டவில்லை. அத்தனை பகுதிகளாக நாங்கள் ஏங்கிக் காத்திருந்த மறுசந்திப்பை இரண்டே அசைகளிடம் ஒப்படைத்துவிட்டு இயக்குநர்கள் விலகிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு அசைகளைச் சொன்னவர், லான் வாங்ஜியாக நடித்த வாங் யீபோ அல்லர். பியென் ஜியாங் என்ற குரல் நடிகர்.

முதல்முறை பார்த்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய உடனே திரை சிறு கட்டமாகச் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது. மிச்ச இடத்தில் வேறொரு தொடரின் படம் பெரிதாக வந்து நின்றது. கண்களைத் துடைத்துக்கொண்டு பழையபடி பெரிய திரைக்குத் திரும்புவதற்குள் பட்டியல் பாதி ஓடிவிட்டது. மீதிப் பாதியோ முழுக்கச் சீன எழுத்துகள். கடைசி வசனம்வரை உண்மையாக உடன்வந்த சப்டைட்டில், பெயர்கள் வரும் இடத்தில் மட்டும் நின்றுவிட்டது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றைத்தான். குரல் கொடுத்தவர்களின் பெயர்களை, பாத்திரத்தின் பெயரோடு சேர்த்து, பார்ப்பவர் படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள். தொடரின் அறிமுகப் பக்கத்திலும் போடுங்கள், முடிவிலும் போடுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். சீனத் தொடர்கள் எடுக்கப்படும் விதத்தை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். பெரிய படப்பிடிப்பு வளாகங்களில் பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் வேலை நடக்கும். ஒருபுறம் ஆட்கள் கத்துவார்கள், மறுபுறம் காற்றுக்கான விசிறிகள் இரையும். நடிகர்களும் ஒரே உச்சரிப்புக்காரர்கள் இல்லை. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து, வெவ்வேறு பேச்சுவழக்குகளோடு வருகிறார்கள். தணிக்கைக்குப் பிறகு வசனம் மாறும். ஆகவே பல தொடர்களில், அதிலும் வரலாற்று உடைத் தொடர்களில், முகம் ஒருவருடையதும் குரல் இன்னொருவருடையதுமாக இருப்பது வழக்கம். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அது அவர்களுடைய தொழில்முறை, அதற்கென்று தேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். மறைப்பு நடப்பது உங்கள் கைக்குத் தொடர் வந்த பிறகுதான்.

'தி அன்டேம்ட்' தொடரின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒலிக்கும் பாடலைப் பாடியவர்கள், முதன்மை நடிகர்களான ஷியாவ் சானும் வாங் யீபோவுமே. அப்படியென்றால் முக்கால் மணி நேரம் பிறர் குரலில் பேசியவர்கள், பெயர்ப் பட்டியல் ஓடும்போதுதான் தங்கள் சொந்தக் குரலில் பாடத் தொடங்குகிறார்கள். அவர்கள் பாடிக்கொண்டிருக்கையில், அவர்களுக்காகப் பேசியவர்களின் பெயர்கள் திரையில் ஏறிப் போகின்றன. இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கடந்துபோகும் இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தில்தான் நீங்கள் "அடுத்த பகுதி" என்ற பொத்தானை வைத்து நொடிகளை எண்ணுகிறீர்கள்.

பெயர் தெரியாததால் என்ன கெட்டுப்போகிறது என்பதை ரசிகர்களின் பேச்சில் தினமும் பார்க்கிறேன். ஒருவர் தொடரை முடித்த கையோடு நடிகரின் நேர்காணலைத் தேடிப் பார்ப்பார். நடிகர் வாய் திறந்ததும் அதிர்ந்துபோவார். "இது அவர் குரலே இல்லையே!" அடுத்த நாளே ஏமாற்றம் கோபமாகிவிடும். "தொடரில் குரலை மாற்றி ஏமாற்றிவிட்டார்கள்", "சொந்தக் குரலில் நடிக்கத் தெரியாதவர்" என்றெல்லாம் எழுதுவார்கள். அந்த நடிகர் தான் பேசியதாக எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. செய்யாத குற்றத்துக்கு அவர் திட்டு வாங்குகிறார். இன்னொருவர் நேர்மாறாக, "லான் வாங்ஜியின் அந்தக் கனத்த, அடங்கிய குரல் வாங் யீபோவுக்கு மட்டுமே வரும்" என்று மனமுருகி எழுதுவார். அந்தப் பாராட்டு முழுவதும் தவறான விலாசத்துக்குப் போய்ச் சேர்கிறது. எழுதியவர் பொய்யாக எழுதவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயர் ஒன்று தெரிந்திருந்தால் நடிகரின் கண்களையும் குரல் நடிகரின் மூச்சையும் தனித்தனியே ரசித்திருப்பார். லான் வாங்ஜி அதிகம் பேசாதவன். வாங் யீபோ பாதியைப் பார்வையிலேயே சொல்லிவிடுகிறார். பேசும் அந்தச் சில சொற்களுக்குப் பியென் ஜியாங் எவ்வளவு எடை கொடுக்கிறார் என்பது, இது இரண்டு பேரின் வேலை என்று தெரிந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்த "வெய் யிங்" என்ற அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊஷியான் என்பது ஊரார் மரியாதையாக அழைக்கும் பெயர். யிங் என்பது பிறந்தபோது வைத்தது. அந்த உலகில் ஒருவனைப் பிறப்புப் பெயரால் அழைப்பது ஒன்று அவமதிப்பு, இல்லாவிட்டால் மிகுந்த நெருக்கம். லான் வாங்ஜி கதை நெடுக அந்தப் பெயராலேயே அவனை அழைக்கிறான். தொடக்கத்தில் அது அதட்டலாக, சொல்லின் முனை கூராக வருகிறது. பிறகு எச்சரிக்கையாகிறது. பாறை விளிம்பில் ஒற்றைக் கையால் அவனைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கும்போது அதே இரண்டு அசைகள் மன்றாட்டாகின்றன. கடைசிக் காட்சியில் அவற்றில் எந்தப் பாரமும் இல்லை. சந்தோஷத்தை வெளிக்காட்டத் தெரியாதவனின் சந்தோஷம்தான் இருக்கிறது. சீனம் தெரியாத நான் இந்த வளர்ச்சி முழுவதையும் காதால் மட்டுமே பின்தொடர்ந்தேன். சப்டைட்டிலில் எல்லா இடத்திலும் ஒரே "வெய் யிங்"தான்.

இந்த வேலைக்குத் தமிழில் 'இரவல் குரல்' என்று ஒரு பெயர் உண்டு. பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் சொல்தான், ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது. இரவல் என்றால் வாங்கியவர் திருப்பித் தரவேண்டும், கொடுத்தவர் யார் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். இங்கே இரண்டும் நடப்பதில்லை.

அடுத்து, நீங்கள் அதிகம் பேச விரும்பாத ஒன்றைப் பற்றி. சீனாவில் ஆண்–ஆண் காதல் நாவல்களைத் தொடராக எடுக்கும்போது காதல் என்ற சொல்லை நேராகச் சொல்ல முடியாது. 2016 பிப்ரவரியில் 'அடிக்டட்' என்ற தொடரை முடிவதற்கு முன்பே சீனத் தளங்களிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் வந்தவை காதலை நட்பாக, தோழமையாக, "உற்ற துணை"யாக மாற்றிச் சொல்லியே தப்பின. 2021 பிப்ரவரியில், பிரீஸ்ட் என்ற புனைபெயரில் எழுதும் எழுத்தாளரின் நாவலிலிருந்து 36 பகுதிகளாக 'வேர்ட் ஆஃப் ஹானர்' வந்தது. சீன ரசிகர்கள் அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு நடிகர்களின் உதடுகளைப் படித்தார்கள். வாய் ஒன்றைச் சொல்கிறது, காதில் வேறொன்று விழுகிறது. படப்பிடிப்பில் பேசப்பட்டது என்ன என்பதை உதட்டசைவை வைத்து மீட்டெடுக்கப் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்புத் துறையின் கெடுபிடி இறுகியது. அதற்குப் பிறகு, நடிகர்களை வைத்து எடுக்கும் இவ்வகை நேரடித் தொடர்கள் அரிதாகிவிட்டன.

இதில் குரல் நடிகர் எங்கே நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வசனத்தை நீர்த்துப்போகச் செய்து அவர் கையில் தாளைக் கொடுக்கிறார்கள். திரையில் நடிகரின் முகமோ பழைய வசனத்தின் உணர்ச்சியிலேயே இருக்கிறது. புதிய சொற்களைப் பழைய உதட்டசைவுக்குள் அடக்கி, பழைய உணர்ச்சி தொலைந்துபோகாமல் காக்க வேண்டியது அவர் பொறுப்பு. "நண்பன்" என்று சொல்லிக்கொண்டே கேட்பவருக்கு வேறொன்றை உணர்த்த வேண்டும். எழுத்தாளர், இயக்குநர், நடிகர் எல்லோரும் கைவிட நேர்ந்த இடத்தில் கடைசியாகக் கதையைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான். அவருடைய பெயரைத்தான் நீங்கள் மூலையில் சுருக்கிவிடுகிறீர்கள்.

எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு வெளியே எங்கும் தேடவேண்டாம். இதே பி.எல். உலகிலேயே வழி இருக்கிறது. மோ ஷியாங் தோங் ஷியு 2015-இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய 'மோ தாவ் சூ ஷி' நாவலே 'தி அன்டேம்ட்' தொடரின் மூலக்கதை. அதே நாவல் 2018-இல் அசைவூட்டத் தொடராகவும் ஒலி நாடகமாகவும் வந்துவிட்டது. அசைவூட்டத்தில் வெய் ஊஷியானுக்குக் குரல் சாங் ஜியே, லான் வாங்ஜிக்குப் பியென் ஜியாங். ஒலி நாடகத்தில் வெய் ஊஷியானுக்கு லூ சிஷிங், லான் வாங்ஜிக்கு வெய் சாவ். 2019-இல் நேரடித் தொடர் வந்தபோது ஒலி நாடகத்து வெய் ஊஷியானையும் அசைவூட்டத்து லான் வாங்ஜியையும் எடுத்து இணைத்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்ததைப் போன்ற காரியம் அது. இந்த நான்கு பெயர்களும் தெரிந்தால் ரசிகர்களின் பேச்சே மாறிவிடுகிறது. "எந்த லான் வாங்ஜி உங்களுக்கு?" என்று கேட்டால், வெய் சாவின் லான் வாங்ஜியில் இளமையின் தயக்கம் கேட்கிறது என்பார் ஒருவர். பியென் ஜியாங்கின் குரலில் பனிக்கட்டிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவரோடு சேர்ந்தவன். ஆனால் குடிபோதையில் வரும் காட்சிகளுக்கு வெய் சாவை மிஞ்ச ஆளில்லை என்பேன். இப்படி ஒரே பாத்திரத்தை இரு கலைஞர்கள் கையாண்ட விதத்தை ஒப்பிட்டுப் பேசுவது நல்ல ரசனை. அந்த ரசனையின் வாசல் பெயர்தான்.

ஒலி நாடகங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. நாடகத்தோடு சேர்த்தே, மூலக்கதை யாருடையது, தயாரித்தவர்கள் யார், இது எத்தனையாவது பகுதி என்று ஒரு குரல் நிதானமாக அறிவிக்கும். சீனத்தில் அதற்கென்று தனிப் பெயரே இருக்கிறது. காதால் கேட்கும் கலை என்பதால் பெயரையும் காதுக்கே சொல்கிறார்கள். அந்த அறிவிப்பை நான் தாண்டிச் சென்றதில்லை. மொழி தெரியாதபோதும் அதன் தாளம் பழகிவிட்டது. அது முடிந்ததும் துணி உரசும் ஓசை, மரப்படியில் காலடி, பிறகு யாரோ மூச்சை உள்ளிழுப்பது எல்லாம் வரும் என்று காதுக்குத் தெரியும். ரசிகர்கள் மொழிபெயர்த்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். அதிலும் முதல் பக்கத்தில் குரல் நடிகர்களின் பட்டியல் இருக்கும். சம்பளம் வாங்காமல் செய்பவர்கள் தவறாமல் செய்கிறார்கள்.

ஜப்பானில் இது இன்னும் வேரோடிப் போன பழக்கம். பி.எல். நாடக சிடியின் உறையிலேயே குரல் நடிகர்களின் பெயர்கள் இருக்கும். அங்கே அவர்களைச் செய்யூ என்பார்கள். கதையைப் பார்த்து வாங்குபவர்கள் பாதி என்றால் செய்யூவின் பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் பாதி. நாடகம் முடிந்த பிறகு பல சிடிகளில் கடைசித் தடமாக நடிகர்களின் உரையாடல் வரும். "இந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த இன்னார்" என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்தக் காட்சி கடினமாக இருந்தது என்று பேசுவார்கள். சற்று முன்புவரை உடைந்து அழுத குரல் இப்போது வெட்கத்தோடு சிரிப்பதைக் கேட்கும்போது, நடிப்பு என்றால் என்னவென்று புரிகிறது. 'செர்ரி மேஜிக்' கதையில், தொட்டவரின் மனத்தில் ஓடுவது நாயகனுக்குக் கேட்கும். கதையின் பாதி மனக்குரலில்தான் நடக்கிறது. அது 2020-இல் ஜப்பானிய நேரடித் தொடராகவும், 2023-இல் தாய்லாந்துத் தொடராகவும், 2024-இல் அசைவூட்டமாகவும் வந்தது. அசைவூட்டத்தில் அதாச்சியாகக் கோபயாஷி சியாகியும் குரோசவாவாக சுசுகி ரியோத்தாவும் பேசினார்கள் என்பதை அறிய நான் ஒரு நிமிடம்கூடச் செலவிடவில்லை. எல்லா இடத்திலும் போட்டிருந்தார்கள். அதே படைப்பை வேற்றுமொழியில் டப்பிங் செய்து நீங்கள் வெளியிடும்போது அந்த மொழியின் குரல்கள் மட்டும் எப்படி அநாதைகளாகின்றன?

ஒரு நியாயமான தயக்கம் இருப்பது எனக்குத் தெரியும். சில கலைஞர்கள் இத்தகைய படைப்புகளில் வேறொரு பெயரில் பணியாற்றுகிறார்கள். ஜப்பானில் வயதுவந்தோருக்கான படைப்புகளில் அது பழைய வழக்கம். சிலர் பெயரே வேண்டாம் என்றும் கேட்கலாம். அவர்கள் எந்தப் பெயரைத் தருகிறார்களோ அதைப் போடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ரசிகர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: மாற்றுப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தோண்டுவது ரசனையில் சேராது. ஆனால் சிலர் விரும்பவில்லை என்பதற்காக எல்லோரையும் இருட்டில் நிறுத்துவது நியாயமாகாது.

"பெயர்ப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்?" என்று உங்கள் கணக்கர்கள் கேட்கலாம். ஐந்து நொடி அவகாசமும் அறியாத எழுத்தும் கொடுத்துவிட்டு இதைக் கேட்கக்கூடாது.

இப்போது இதைக் கேட்க வேறொரு அவசரமும் வந்துவிட்டது. சில நிமிடப் பதிவு கிடைத்தால் ஒருவர் குரலை இயந்திரம் நகலெடுத்துவிடுகிறது. 2024 அக்டோபரில் ஜப்பானில் 26 குரல் நடிகர்கள் ஒன்றுசேர்ந்து, அனுமதியில்லாமல் தங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்குவதற்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். சீனாவில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பின் 1023-வது பிரிவு, ஒருவரின் குரலுக்கும் அவருடைய உருவப்படத்துக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பைத் தருகிறது. அதை வைத்து 2024 ஏப்ரலில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. குரல் கலைஞர் ஒருவரின் குரலை அவர் சம்மதமில்லாமல் செயற்கைக் குரலாக்கி விற்றதற்கு 2,50,000 யுவான் இழப்பீடு. அந்த வழக்கில் நீதிமன்றம் ஆராய்ந்த முக்கியமான கேள்வி, கேட்பவர்களால் இது இன்னாருடைய குரல் என்று அடையாளம் காண முடிகிறதா என்பது. உங்கள் தளத்தில் பல லட்சம் பேர் ஒரு குரலைக் கேட்கிறார்கள். ஆனால் அது யாருடையது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாதபடி வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு அந்தக் குரலை யாரேனும் திருடினால், "இது அவர் குரல்" என்று சாட்சி சொல்ல ஆளில்லாமல் போகும். நாங்கள் அந்தச் சாட்சிகளாக இருக்க விரும்புகிறோம்.

தாய்லாந்துத் தொடர்களில் நடிகர்கள் பெரும்பாலும் தங்கள் குரலிலேயே பேசுவதால் இந்தக் குழப்பம் அங்கே குறைவு. ஆனால் அங்கும் சப்டைட்டில் எழுதியவரின் பெயர் எத்தனை தொடர்களில் இருக்கிறது? தாய் மொழியில் ஒருவரையொருவர் அழைக்கும் முறையிலேயே வயது, மரியாதை, நெருக்கம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. தன்னைவிட மூத்தவனை 'பீ' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் வெறும் பெயரைச் சொல்லும்போது கதை திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை இன்னொரு மொழியில் கொண்டுவர ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பதைச் செய்ய உங்களுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது. வசனத்தை ஏற்றும் அதே கோப்பில், கடைசி வசனத்துக்குப் பிறகு, பாத்திரம், நடித்தவர், பேசியவர் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்த்தால் போதும். பட்டியல் ஓடும்போது திரையைச் சுருக்காமல் விடும் வசதியைப் பார்ப்பவர் கையில் கொடுங்கள். அறிமுகப் பக்கத்தில் நடிகர்களின் பெயருக்கு நேராக இன்னொரு பெயருக்கு இடம் ஒதுக்குங்கள்.

தயாரிப்பாளர்களிடமிருந்து பட்டியல் வருவதில்லை என்பது உண்மையான தடையாக இருந்தால், அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். 'தி அன்டேம்ட்' தொடரின் சீனப் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, துணைப் பாத்திரங்கள்வரை யார் யாருக்குப் பேசினார்கள் என்று நானும் இன்னும் சிலரும் எழுதிவைத்திருக்கிறோம். இரண்டு இடங்களில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, அவற்றைச் சிவப்பில் குறித்திருக்கிறோம். கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம். சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்தி, முதல் வேலையாக 50-வது பகுதியில் அந்தக் கடைசி அழைப்புக்குப் பின் பியென் ஜியாங்கின் பெயரைப் போடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்